காது வைத்த விரிப்பு

நெட்டையன் கேட்டுவிட்டான். "என்னோட வந்துடு" என்று போன வாரமே கேட்டுவிட்டான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, போடா என்றும் சொல்லவில்லை. நாளைக் காலை அவன் பஸ் ஏறுகிறான். வேறொரு ஊரில், பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இருவரும் சேர்ந்து வேலை செய்யும் இந்தச் சலவைக்கூடத்தில் இன்று அவனுக்குக் கடைசி நாள்.

ஆகவே பொழுது சாய்வதற்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில், காலங்காலையில், அவள் கணவன் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

குளியலறைக் கண்ணாடி முன் நின்று, இடது கையால் முகச்சவரம். வலது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துபோகிறது. மூன்று வருடங்களுக்கு முன் அதே சலவைக்கூடத்தில் ரோலர் இயந்திரம் இழுத்துக்கொண்டது. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, இஸ்திரி போட்டது போல வெளியே வரும். அதை ஓட்டியவன் அவன். 'ரோலர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கை போன மறுநாளிலிருந்து அந்தப் பட்டப்பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

வேலை வேகமாக நடக்கட்டும் என்று விரல் தடுப்புத் தகட்டைக் கழற்றி வைத்தது முதலாளி. பழக்கூடையோடு வந்து பார்த்ததும் முதலாளிதான். பிறகு ஆஸ்பத்திரித் துணி அறையில் சொல்லிவைத்து, ஒரு ஸ்டூலும் ஒரு வேலையும் வாங்கிக்கொடுத்தார். பெருந்தன்மையாம்.

அன்றிலிருந்து விசில் நின்றுபோயிருந்தது. சிரிப்பு நின்றது. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தான். ஒரே ஒரு முறை அவள் தோளைத் தொட்டபோது, "வேணாம்மா. இந்தக் கையைப் பார்த்தா எனக்கே குமட்டுது" என்றான். அதற்கப்புறம் அவள் தொடவில்லை. அவன் மேலிருந்த அன்பு போய்விட்டதா என்றால், இல்லை. போயிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதி.

இந்த ஒரு வாரமாகத்தான் ஆள் மாறியிருக்கிறான். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என்னங்க இது, கன்னத்துல ரத்தம்?"

"இருக்கட்டும். இந்தக் கைக்கு இன்னும் என் மூஞ்சி பழகல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பயமாக இருந்தது.

"மேல் பட்டனை மட்டும் போட்டு விடு. மத்ததை நானே போட்டுட்டேன், பார்த்தியா?"

புதுச் சட்டை. பீரோவில் பிரிக்காமலேயே கிடந்தது. அவள் கழுத்துப் பட்டனை மாட்டினாள். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. பட்டன் மாட்டி முடிந்த பிறகும் அவன் நகரவில்லை.

"சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வீட்டைப் பார்த்து ஓடி வந்துடாத" என்றான்.

"ஏன்?"

"ஏன்னு கேட்டா உடனே சொல்லிடுவாங்களாக்கும்."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அடம்பிடித்து அண்ணன் வீட்டிலேயே இருப்பவள். அவளுக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை, துணிகளில் எண் அட்டை தைப்பது.

"என்ன அண்ணே, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டே? எனக்கு இன்னொரு அண்ணி வரப்போறாங்களா?"

"இருக்கிற ஒருத்தியையே சமாளிக்க முடியல. நீ வேற."

மூவரும் சிரித்தார்கள். நாத்தனாருக்கு மட்டும் சிரிப்பு கண் வரை போகவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதுவதும் படிப்பதும் சுலபம். குடிப்பான், அடிப்பான், போடி என்பான். பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் நீங்களும் கை தட்டுவீர்கள். இவன் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒற்றைக் கையால் துணியைப் பிழியத் தெரியாமல், குழாயில் சுற்றி முறுக்கிப் பிழிந்து நெற்றியில் போட்டவன். என்ன செய்வது? அவளுக்கு அந்த ஈரத்துணியும் வேண்டியிருந்தது. வேறொன்றும் வேண்டியிருந்தது.

*

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிரே நின்று இழுத்து, உதறி, பாதியாக்கி, ஒருவரையொருவர் பார்த்து நடக்க வேண்டும். நடுவில் கைகள் சேரும். ஒருவர் தன் முனைகளை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். மறுபடி நடப்பார்கள். மறுபடி சேர்வார்கள்.

இயந்திர இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் கேட்காது. சேர்கிற நொடியில் பேசினால்தான் உண்டு.

மற்றவர்கள் காதில் விழும்படி நெட்டையன் அவளை 'அக்கா' என்பான். துணி சேர்கிற நொடியில் அந்த அக்கா இருக்காது. எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது.

"தூங்கினியா?" என்றான், முதல் விரிப்பில்.

விலகினார்கள். சேர்ந்தார்கள்.

"இல்ல."

அடுத்த விரிப்பு. சூடான துணி. அவன் விரல்கள் அதைவிடச் சூடு.

"காலையிலேருந்து ஒண்ணுக்குக்கூட காது வைக்கல நீ."

விலகினார்கள். ஆவியில் அவன் முகம் கலங்கித் தெரிந்தது. சேர்ந்தார்கள்.

"பயமா இருக்கு" என்றாள்.

காது என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடைசி மடிப்பில் ஒரு முனையை மட்டும் உள்பக்கமாகத் திருப்பிச் செருகினால், விரிப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு காது நிற்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன் அவளும் கணவனும் இதே மேஜையில் சேர்ந்து மடித்த நாட்களில், அவர்களாகவே கண்டுபிடித்தது. மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருப்பார், பேச முடியாது. கடைசி விரிப்பில் காது வைத்தால், 'வாசல்ல நில்லு, சேர்ந்து போகலாம்' என்று அர்த்தம். கல்யாணமான பிறகும் விளையாட்டாகத் தொடர்ந்தது. அவன் ரோலருக்குப் போன பிறகும், அவள் மடித்து அடுக்கிய விரிப்புகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். கை போனதும் காதும் போனது.

பத்து நாட்களுக்கு முன் ஒரு மத்தியானம், நெட்டையன் எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவள் விரல்கள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பில் ஒரு காதை வைத்துவிட்டன.

"இது என்ன?" என்று கேட்டான் அவன்.

"சும்மா. அழகுக்கு."

பிறகு தினமும் வைத்தாள். கை தானாக வைக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கை தானாக எதையும் வைப்பதில்லை. எவனோடு கண்டுபிடித்ததை எவனுக்கு வைக்கிறோம் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும்.

"நீ வாயால சொல்ல வேணாம்" என்றான் நெட்டையன். விலகினான். உதறினார்கள். சேர்ந்தான். "கடைசி ஷீட்ல காது வை. வர்றேன்னு எடுத்துக்கறேன்."

"வைக்கலன்னா?"

விலகினார்கள். அந்த முறை அவன் வழக்கத்தைவிட மெதுவாக நடந்து வந்தான்.

"வைக்கலன்னா காலையில எனக்கு ஜன்னலோர சீட்டு. வேறென்ன."

சிரிக்கத்தான் சொன்னான். அவன் தொண்டை ஏறி இறங்கியது. அந்தத் தொண்டைக்குழியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுச் செத்தாலும் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. குடும்பப் பெண் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கேட்டால், நினைத்தாள், அவ்வளவுதான்.

*

மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாத்தனாரும் அவளும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் சாப்பிடவில்லை.

"அண்ணன் ஏன் ஒரு வாரமா விசிலடிக்குதுன்னு தெரியுமா அண்ணி?"

"தெரியல. நானே கேட்கணும்னு இருந்தேன்."

"நீங்க மடிக்கிற பெட்ஷீட்டெல்லாம் எங்க போகுது?"

"இதென்ன கேள்வி? ஆஸ்பத்திரிக்கு."

"அங்க யாரு எண்ணி வாங்கறாங்க?"

அவள் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டது. இருவரும் அதை எடுக்கவில்லை.

நம்பமாட்டீர்கள், அதை அவள் யோசிக்கவே இல்லை. துணி தள்ளுவண்டியில் ஏறும், வேனில் போகும், கண்ணுக்கு மறையும். போகிற இடத்தில் ஒரு ஸ்டூலும், அதில் ஒரு மனிதனும் இருப்பது அவள் நினைவிலேயே இல்லை. அவ்வளவு தூரம் போய்விட்டிருந்தாள்.

"ஒரு ஷீட்டை வார்டுக்குக் கொடுக்காம அலமாரி மேல ஒளிச்சு வெச்சிருக்கு" என்றாள் நாத்தனார். "போன வாரம் நான் போயிருந்தப்ப எடுத்துக் காட்டுச்சு. 'உங்க அண்ணி மறுபடியும் என்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டா பாரு. நேர்ல சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு துணியில சொல்லி அனுப்பறா'ன்னுச்சு. அழுதுச்சு அண்ணி. கை போனப்பக்கூட அழாத ஆளு."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? நான் உட்கார்ந்து தைக்கிற இடத்துலேருந்து மடிக்கிற மேஜை நல்லாத் தெரியும். அண்ணன் உட்கார்ந்திருக்கிற இடத்துலேருந்து துணி மட்டும்தானே தெரியும்."

அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சொல்லிடப் போறியா?"

"சொல்லி? இன்னொரு கையையும் நான் எடுக்கவா?"

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. நாத்தனார் எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். வந்து நின்றுகொண்டே பேசினாள்.

"உங்க மேல கோபம் இருக்கு. ரொம்ப இருக்கு. ஆனா மூணு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்த ஆளு கூட நீங்க எப்படி இருந்தீங்கன்னும் பக்கத்து ரூம்லேருந்து எனக்குத் தெரியும். இருக்கிறதுன்னா இருங்க. போறதுன்னா போங்க. உங்களைக் கட்டி வைக்க நான் யாரு? ஆனா போறதுன்னா, அந்தக் காதை வெச்சுட்டுப் போகாதீங்க."

நடந்தவள், நின்று திரும்பினாள்.

"இன்னைக்கு வாசல்ல வந்து நிக்கப் போகுது. சொல்ல வேணாம்னுச்சு. நான் சொல்லிட்டேன்."

மூன்று வருடங்களாக இந்தத் தெருப்பக்கமே வராதவன். ஆவி வாடை வந்தாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறவன்.

*

கடைசித் தள்ளுவண்டி ஆஸ்பத்திரிக்கு. கடைசி விரிப்பு அவர்கள் கையில்.

இழுத்தார்கள், உதறினார்கள், பாதியாக்கினார்கள். நடந்து வந்து சேர்ந்தார்கள். நெட்டையன் முனைகளைக் கொடுத்தான், குனிந்தான், விலகினான், மறுபடி வந்தான். கடைசி மடிப்பு அவள் கையில் இருந்தது.

அவள் வெறுமனே மடித்தாள். ஓரத்தை நேராக்கி, தட்டி, அடுக்கின் மேல் வைத்தாள். காது இல்லை.

அவன் அந்த ஓரத்தையே பார்த்தான். "சரி" என்றான். அது கேட்கவில்லை, உதடு அசைந்தது தெரிந்தது. மேல்சட்டையை எடுக்க ஆணிப் பக்கம் திரும்பினான்.

முடிந்தது என்று அவள் நினைத்தாள். செத்துப்போன மாதிரி ஓர் அமைதி. வண்டிக்காரன் வந்து பிடியில் கை வைத்தான். அடுக்கு லேசாக ஆடியது.

அப்போதுதான் நாளைக் காலை அவள் கண்ணில் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, விசிலடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஒவ்வொரு விரிப்பாக ஓரத்தைத் தடவித் தேடுகிறவன். இன்றைய அடுக்கில் ஒன்றுக்கும் காது இல்லை. மேலிருந்து கீழே வரை தேடுவான். மறுபடி முதலிலிருந்து தேடுவான். அவனுக்கு வேறு அவசரமில்லை.

"கொஞ்சம் நில்லுப்பா" என்றாள் வண்டிக்காரனிடம்.

மேல் விரிப்பை இழுத்தாள். முனையைத் திருப்பினாள். செருகினாள். காது நின்றது.

நிமிர்ந்தபோது நெட்டையன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே, அப்படியே நின்றான். பிறகு அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. பரீட்சையில் பாஸான சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

உனக்கில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஒரு வெதுவெதுப்பு பரவியது. கணவனுக்காகத்தான் வைத்தேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் அவளால் பண்ண முடியாது. நெட்டையனுக்காக என்றும் பண்ண முடியாது. வண்டி போய்விட்டது.

தையல் மேஜையில் நாத்தனார் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவள் கை நின்றுபோயிருந்தது.

*

வாசலுக்கு எதிரே, விளக்குக் கம்பத்தடியில் கணவன் நின்றுகொண்டிருந்தான். புதுச் சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். கன்னத்தில் காலையில் பட்ட கீறல். வலது கையைப் பின்னால் மறைத்திருந்தான்.

"வந்துட்டேன்" என்றான், அவளைப் பார்த்து. "பதில் சொல்ல ஒரு வாரமாச்சு. ரோலர் சத்தத்தைக் கேட்டா கால் நடுங்குமோன்னு பயம். ரெண்டு தடவை மூலை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டான்.

"அட, அழாத. நான்தான் முட்டாள். நீ பக்கத்துலயே இருந்தே, நான்தான் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பின்னாலிருந்து காலடிச் சத்தம். தோளில் பை, முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு. நெட்டையன் அவளைக் கூப்பிட வாய் திறந்து, பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, நின்றான்.

"இவர்தானா உன்கூட மடிக்கிறவர்?" என்றான் கணவன். இடது கையை நீட்டினான். "வாங்க தம்பி. அந்த மேஜையில உங்க இடத்துலதான் நான் நின்னுக்கிட்டு இருந்தேன். நல்லா மடிக்கிறீங்க. ஓரமெல்லாம் கத்தி மாதிரி வருது. ஆஸ்பத்திரியில தினமும் பார்க்கிறேனே."

"வணக்கம் அண்ணே." நெட்டையன் எந்தக் கையைக் கொடுப்பது என்று தடுமாறி, இடது கையைக் கொடுத்தான்.

"காது வைக்கிறது மட்டும் இவ வேலை. தெரியுமில்ல?" கணவன் குரலில் ஒரு கூச்சம், ஒரு பெருமை. "அது எங்க ரெண்டு பேர் விஷயம் தம்பி. கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து. அவ காது வெச்சா நான் வாசல்ல நிக்கணும். இடையில விட்டுப் போயிருந்துச்சு. இப்பதான் மறுபடி வெக்கிறா."

நெட்டையன் அவளைப் பார்த்தான். அழகுக்கு என்று அவள் சொன்னது அவன் முகத்தில் ஓடியது தெரிந்தது. ஒவ்வொரு விரிப்பாக, ஒவ்வொரு காதாக அவன் திரும்பப் போய் எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ துடைத்து எடுப்பது போலப் போயிற்று.

"நாளைக்கு ஊரை விட்டுப் போறீங்களாமே? தங்கச்சி சொன்னா" என்றான் கணவன். "நாங்க பஸ் ஸ்டாண்டுக்கு வர்றோம். தனியா போகக் கூடாது."

"வேணாம் அண்ணே. விடியற நேரம்."

"அதனாலென்ன? என் பொண்டாட்டிகூட நின்னு வேலை செஞ்சவரு. ரெண்டு பேரும் வர்றோம்."

நெட்டையன் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான். கேட்கும்போது அவன் கண் அவள் மேல்தான் இருந்தது.

"அக்கா வருவாங்களா?"

"வருவா. நான் கூட்டிட்டு வர்றேன்."

அவள் தரையைப் பார்த்தாள். நெட்டையன் நீளமான கால்களை எட்டிப் போட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனையில் மறைந்தான்.

அவர்கள் எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், பின்னால் மறைத்திருந்த கையை அவன் வெளியே எடுத்தான். தயங்கி, அதை அவள் தோளில் வைத்தான். மூன்று வருடங்களில் முதல் முறையாக. மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் அது லேசாக நடுங்கியது. அவள் விலகவில்லை. இதற்காகத்தான் மூன்று வருடங்களாக ஏங்கினாள். இன்று வந்திருக்கிறது, வேறொருவனுக்கு வைத்ததைப் படித்துவிட்டு.

கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். அவன் விசிலடித்துக்கொண்டு வந்தான். பாதியில் நிறுத்தினான்.

"ஆமா" என்றான். "காதுன்னு சொன்னதும் அந்தத் தம்பி முகம் ஏன் அப்படி ஆயிடுச்சு?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். தோளில் இருந்த கையை அவன் எடுக்கவில்லை. ஆனால் அதன் நடுக்கம் நின்றுபோயிருந்தது.